மாதிரி ஆள் கொடுத்த அனுமதி

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் மேலே எங்கள் மேசைகள் அதிரும். சுற்றிலும் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு இணையத்தில் ஓடும் சின்னச் சின்னச் செயலிகள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். கேன்டீன் டோக்கன், கம்பெனி பஸ்ஸில் யார் யார் ஏறினார்கள், லாரி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் எல்லோருக்கும் அடுத்த வாரமே வேண்டும்.

அதனால் நாங்கள் எதையும் முதலிலிருந்து கட்டுவதில்லை. ஒரு ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட் வைத்திருக்கிறோம். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் செய்து, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டிருக்கும் மாதிரிக் கட்டமைப்பு அது. ஒரு வரி கமாண்ட் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் ஒரு முழுச் செயலி திரையில் உட்கார்ந்திருக்கும். லாகின் பக்கம் இருக்கும், இடது ஓரத்தில் மெனு இருக்கும், நடுவில் இல்லாத கடையின் நடக்காத விற்பனையைக் காட்டும் வரைபடங்கள் இருக்கும். அட்மின் என்று ஒரு பிரிவு, சாதாரணப் பயனர் என்று ஒரு பிரிவு. பயனர் ஒரு விண்ணப்பம் போட்டால் அது ‘நிலுவையில்’ என்று மஞ்சளாக நிற்கும். அட்மின் ஒப்புதல் கொடுத்தால் பச்சையாகும். சோதித்துப் பார்ப்பதற்கு மாதிரி ஆட்களைக்கூட அதிலேயே செய்து வைத்திருப்பார்கள். ‘ஆர்டர்’ என்று இருக்கிற இடத்தில் ‘டோக்கன்’ என்றோ ‘லாரி’ என்றோ மாற்றி, வாடிக்கையாளரின் நிறத்தைப் பூசி, லோகோவை ஒட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் என் வேலை.

கல்யாணமாகி சிவகங்கைப் பக்கத்திலிருந்து இங்கே வந்த புதிதில் அது எனக்கு அதிசயமாக இருந்தது. கல்லூரியில் ஒரு லாகின் பக்கம் செய்ய ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். இப்போது அந்த வரைபடங்களைப் பார்த்தாலே கண் கூசுகிறது. வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு முதலாளி, உள்ளே எல்லாம் ஒரே வீடு. அதே கதவு, அதே ஜன்னல். பல நாட்கள் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நேற்று எந்தக் கம்பெனிக்குச் செய்துகொண்டிருந்தேன் என்பதை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறிப் போகிறவர். சில வாரங்களில் நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்வது வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் மட்டும்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண்கள் விடுதி வேலை வந்தது. சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலை. அதில் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தனியாக விடுதி கட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துப் பெண்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் வெளியே போவதற்கும் திரும்பி வருவதற்கும் ஒரு செயலி வேண்டும் என்றார்கள். பெண் தன் போனில் விண்ணப்பம் போட வேண்டும். வார்டனோ விடுதி மேனேஜரோ ஒப்புதல் தர வேண்டும். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியின் டேப்லெட்டில் பச்சை வந்தால்தான் கேட் திறக்கும்.

வார்டன் அம்மா மாலூர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். எதற்காக இவ்வளவு கெடுபிடி என்று நான் கேட்காமலேயே அவர் சொன்னார். முன்பு ஒரு பெண்ணுக்கு, வீட்டில் சாவு என்று போன் வந்ததாம். அழுதுகொண்டே ஓடினாளாம். போன் செய்தவன் வீட்டு ஆளே இல்லை. நல்லவேளையாக பஸ் நிலையத்தில் அவளுடைய சித்தப்பா பார்த்துவிட்டார் என்றார்.

அவர்கள் கேட்டது அப்படியே எங்கள் டெம்ப்ளேட்டில் இருந்தது. நிலுவை, ஒப்புதல், மஞ்சள், பச்சை. ‘ஆர்டர்’ என்ற இடத்தில் ‘வெளியே செல்லும் அனுமதி’ என்று மாற்றினேன். வாரம் முடிவதற்குள் கொடுத்துவிட்டோம். எங்கள் முதலாளி, இந்த ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் வேகத்தைப் பாராட்டினார். பாராட்டும்போதே அடுத்த கம்பெனியின் பெயரையும் சொன்னார்.

செக்யூரிட்டி அறையின் சுவரில் என் போன் நம்பரை ஒட்டி வைத்திருந்தார்கள். டேப்லெட் அணைந்துவிட்டால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மாம்பழப் பருவம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது. வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பேசியது செக்யூரிட்டிப் பெரியவர். தர்மபுரிப் பக்கத்து ஆள்.

“மேடம், ஒரு பொண்ணுக்கு மஞ்சளாவே நிக்குதுங்க. பச்சை வரமாட்டேங்குது. உங்களால ஆவுமா?”

வார்டன் ஒப்புதல் கொடுத்தால்தான் வரும் என்றேன். வார்டன் அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், போன் அணைந்திருக்கிறது என்றார். மேனேஜருக்கு மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பெண்ணின் அம்மாவுக்கு அடிபட்டுவிட்டதாம், அவள் கேட்டிலேயே உட்கார்ந்து அழுகிறாள் என்றார். நீங்களே திறந்து விடக்கூடாதா என்று கேட்டேன்.

“வுட்டுருவேன் மேடம். நாளைக்கு என்னை வூட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்குப் பச்சை வந்தா போதும்.”

பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். சின்னக் குரல். ஊர் நாகரசம்பட்டி என்றாள். அம்மா தோட்டத்தில் மாங்காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறவள். லோடு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்துவிட்டாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

“இடுப்பு எலும்பு ஒடைஞ்சிருச்சாம்க்கா. உள்ளயும் ரத்தம் கட்டியிருக்குதாம். ஆப்ரேசன் பண்ணணும், சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு நிக்கறாங்களாம். அப்பா கோலார் பக்கம் கல்லு வேலைக்குப் போயிருக்காரு, போன் போவல. நான்தாங்க்கா போவணும்.”

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினால் குருபரப்பள்ளி தாண்டி கண் அசருவதற்குள் ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்குத்தான் இந்த மஞ்சள் குறுக்கே நின்றது.

நானும் வார்டனுக்குப் போட்டுப் பார்த்தேன். மேனேஜருக்குப் போட்டேன். அவர்கள் சொன்னது உண்மைதான். முதலாளிக்குப் போட்டேன், அவரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஓசூரே குப்புறப் படுத்துத் தூங்குகிறது என்று தோன்றியது.

என்னால் பச்சையைக் கொண்டுவர முடியும். டெம்ப்ளேட் தானாகவே செய்து வைக்கும் மாதிரி ஆட்களில் ஒருவர் அட்மின். அவருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர், ஒரு வட்டமான புகைப்படம், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாஸ்வேர்டு. செயலியை ஒப்படைக்கும்போது அவரை அழித்துவிட வேண்டும் என்பது முறை. ஆனால் ஒப்படைத்த முதல் சில மாதங்களுக்கு வாடிக்கையாளர்கள் தங்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு உள்ளே போக முடியாமல் தவிப்பார்கள். அந்த நேரத்தில் உதவட்டும் என்று பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு ஆளை விட்டுவைப்போம். விடுதியிலும் அவர் இருந்தார்.

லேப்டாப்பைத் திறந்தேன். லாகின் பக்கம் வந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. வார்டன் அம்மா சொன்ன அந்தப் பொய்ப் போன் நினைவுக்கு வந்தது. இதுவும் அப்படி இருந்தால்? நான் இருப்பது தொரப்பள்ளி போகிற சாலையில் ஒரு வாடகை வீட்டின் சமையலறையில். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

அவளுக்குச் செய்தி சொன்னது யார் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றாள். அந்த நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன். எடுத்தவளின் பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம். பக்கத்தில் நர்ஸ் இருந்தால் கொடுங்கள் என்றேன். நர்ஸுக்கு என் மேல் எரிச்சல். நீங்கள் யார், பேஷன்டுக்கு என்ன உறவு என்று கேட்டார். சொந்தக்காரப் பெண்ணை அனுப்பத்தான் கேட்கிறேன் என்றதும், “பேசிட்டே இருக்காம அனுப்புங்கம்மா மொதல்ல” என்று வைத்துவிட்டார்.

மாதிரி ஆளாக உள்ளே போனேன். விண்ணப்பங்களில் அவளுடையது மேலேயே இருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருந்தாள். ஒப்புதல் என்ற பொத்தானை அழுத்தினேன். பச்சை வந்தது. பெரியவரை மறுபடியும் கூப்பிட்டேன். “வந்துருச்சு மேடம்” என்றார். அதற்கு முன்பே கேட் இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது.

வீட்டுக்காரர் எழுந்து வந்து சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். நமக்கெதுக்கு இந்த வேலை என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

“பஸ்ஸுக்குக் காசு வச்சிருக்கா அந்தப் பிள்ள?” என்றார்.

நான் அதைக் கேட்கவில்லை. பெரியவரைக் கூப்பிட்டேன். சூளகிரி போகிற கம்பெனி வேன் ஒன்றில் ஏற்றிவிட்டதாகவும், கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பியதாகவும் சொன்னார். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. பெண் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். மறுநாள் காலையில் அம்மா கண் விழித்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அந்த ஒரு நாள் நான் இட்லியை ருசித்துச் சாப்பிட்டேன்.

ஆபீஸுக்குப் போனதும் முதலாளி கூப்பிட்டார். விடுதியிலிருந்து அவருக்குப் புகார் போயிருந்தது. தங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு வெள்ளைக்காரர் தங்கள் விடுதிப் பெண்ணை வெளியே அனுப்பியிருக்கிறார், அவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். யாரோ செயலிக்குள் புகுந்துவிட்டார்கள் என்றே பயந்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி கோபப்படவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஆனா நம்ம ஆளு ஒருத்தர் எப்ப வேணா அவங்க கேட்டைத் தொறக்க முடியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன்.

இருவரும் விடுதிக்குப் போனோம். மேனேஜர், வார்டன் அம்மா, நாங்கள். மேனேஜர் பேசிக்கொண்டே போனார். நம்பிக்கை, பாதுகாப்பு, பெற்றோருக்கு என்ன சொல்வது என்றெல்லாம். ஞாயிற்றுக்கிழமை ஏன் போன் எடுக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. முதலாளி இருந்ததால் நானும் கேட்கவில்லை. மாதிரி ஆளை அவர்கள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினேன். அழிக்கவா என்று செயலி ஒரு முறை கேட்டது, ஆமாம் என்றேன், போய்விட்டார்.

எழுந்திருக்கப் போன நேரத்தில், நீங்கள் இருவரும் இல்லாவிட்டால் யார் ஒப்புதல் தருவது என்று கேட்டேன். இரண்டு பேர் இருக்கிறோமே, போதும் என்றார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை போதவில்லையே என்றேன்.

அதற்கு வார்டன் அம்மாதான் பதில் சொன்னார். “என் அண்ணன் மகள் கல்யாணம். போன்ல சார்ஜ் போயிருந்தது. அந்தப் பொண்ணு கேட்டுல உக்காந்து அழுதிருக்கா. பெரியவர் சொன்னாரு. எனக்கு ராத்திரி தூக்கம் வரலை.” பிறகு மேனேஜரைப் பார்த்து, விடுதியில் எப்போதும் ஒரு நர்ஸ் இருக்கிறாள், வீட்டுக்குப் போன் செய்து உண்மையா என்று விசாரிக்க அவளால் முடியும், அவளுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்றார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், மருத்துவக் காரணத்துக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார். கேட்டது இவ்வளவுதான். அதைச் செயலியில் சேர்க்க எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது முதலாளி ஒரு யோசனை சொன்னார். இந்தப் பக்கம் எத்தனை விடுதிகள் வரப்போகின்றன, எல்லோருக்கும் இதே செயலிதான் வேண்டும், அதனால் இதையே சுத்தம் செய்து நம்முடைய சொந்த டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளலாம் என்றார். மாதிரி அட்மின் மட்டும் கூடாது என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது. இனிமேல் ஒரு கமாண்ட் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் ஒரு விடுதியின் கேட் தயாராக இருக்கும்.

அந்த டெம்ப்ளேட்டை நான்தான் செய்தேன். ஒவ்வொரு விடுதிக்கும் நர்ஸ் என்ற பிரிவு தானாகவே வரும்படி வைத்தேன். அடுத்து வாங்கிய ஒரு விடுதி அதை எடுத்துவிடச் சொன்னது. அவர்களிடம் நர்ஸ் இல்லையாம். அப்படியானால் சமையல்கார அம்மாவுக்காவது கொடுங்கள் என்றேன். சிரித்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். இப்படிச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் வாதாட எனக்கு அப்போது தெம்பும் இல்லை. வாரத்துக்கு ஒரு விடுதி என்று போய்க்கொண்டிருந்தது. முதுகு வலிக்கு நாற்காலியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

ஒரு நாள் சூளகிரி விடுதியிலிருந்து வார்டன் அம்மா கூப்பிட்டார். அந்த நாகரசம்பட்டிப் பெண் இன்னும் திரையில் ‘வெளியே’ என்றே காட்டுகிறாளாம். திரும்பி வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று தினமும் காலையில் செயலி எச்சரிக்கை அனுப்புகிறதாம். எப்படி நிறுத்துவது என்று கேட்டார். அவள் வேலைக்குத் திரும்புகிறாளா என்று கேட்டேன். தெரியவில்லை, போன் செய்தால் அழுகிறாள், நீங்கள் பேசிப் பாருங்கள் என்றார்.

பேசினேன். வரவில்லை என்றாள்.

“அம்மா நடக்க நாளாவும்க்கா. அப்பா இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். இங்கயே மாங்கா மண்டியில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். வரலன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் சொல்லாம இருந்தேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “என் பெட்டி அங்கயே இருக்குதுக்கா” என்றாள்.

செயலியில் ஒரு பெண் உள்ளே இருக்கலாம், வெளியே இருக்கலாம். இரண்டே நிலைகள்தான். போய்விட்டாள் என்பதற்கு இடமே இல்லை. டெம்ப்ளேட்டை எழுதியவருக்கு அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்றாவதாக ஒரு நிலையைச் சேர்த்து, ‘விடுதியை விட்டுச் சென்றார்’ என்று பெயர் வைத்தேன். அவளை அந்த நிலைக்கு மாற்றினேன். எச்சரிக்கைகள் நின்றன.

பெட்டி அப்படிச் சுலபமாக வரவில்லை. பொருளை வெளியே கொண்டுபோக வேறு அனுமதி வேண்டும், அதைச் சொந்தக்காரிதான் கேட்க வேண்டும். நிலையை மாற்றியபோதே அவளுடைய லாகினை நானே மூடிவிட்டிருந்தேன். வார்டன் அம்மாவிடம் சொன்னபோது, “நீங்க வாங்க, நான் இருக்கேன்” என்றார். சனிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். நீல நிறப் பெட்டி, ஒரு பக்கப் பூட்டு உடைந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வார்டன் அம்மா அதைத் தானே மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். பெரியவர் டேப்லெட்டைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு கேட்டைத் திறந்தார்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் நல்ல கூட்டம். பெட்டியை டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றுகொண்டே போனேன். பஸ் நிலையத்தில் அவள் காத்திருந்தாள். நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தாள். முதல் முறையாகப் பார்க்கிறோம். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றாள். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். கம்ப்யூட்டர் வேலை என்றேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டுமா என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரு பையில் மாம்பழம் கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அவளுடைய ஊர் பஸ் வந்ததும் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கயிறு நெற்றியில் விழுந்ததை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு ஏறிப் போனாள்.

எனக்கு ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் காலியாக இருந்தது. மடியில் பழப்பை சூடாக இருந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.